மேலே யாரும் மறிக்கலே

எங்க ஆத்தாளுக்கு ஹெலிகாப்டர் சவாரியைப் பரிசாகக் கொடுத்தவன் என் தம்பி. சிங்கப்பூரிலே கட்டட வேலை பார்க்கிறான். 2021 டிசம்பரில் மதுரையிலே ஒரு தனியார் கம்பெனி ஹெலிகாப்டரில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டுகிறது என்று செல்போனில் பார்த்திருக்கிறான். உடனே பணம் அனுப்பிவிட்டான். "அண்ணே, ஆத்தாளக் கூட்டிக்கிட்டுப் போயி ஏத்து. செத்தப்பறம் தேர்ப்பாடை கட்டி என்ன புண்ணியம்?" என்றான்.

ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பத்தாயிரத்துக்கு மேலே. பறப்பது கால்மணி நேரம். எனக்கு வயிறு எரிந்தது. நூறு நாள் வேலைக்கு மண்வெட்டி தூக்குகிற கிழவிக்கு அது எத்தனை நாள் கூலி!

ஆனால் தம்பியின் ஆசை எங்கே முளைத்தது என்பது எனக்குத் தெரியும். தொண்ணூறுகளில் ஒரு தேர்தல் சமயம். காரைக்குடிப் பக்கம் ஒரு தலைவர் ஹெலிகாப்டரில் வந்தார். இறங்குகிற பொட்டலில் கருவேல முள்ளை வெட்டியது எங்க அப்பாவும் சித்தப்பாவும். புழுதி கிளம்பாமல் தண்ணி தெளித்தது ஆத்தா. வந்து இறங்கும்போது மாலையோடு முன்னால் நின்றது ஊர்க்காரர்கள். நாங்கள் கயிற்றுக்கு வெளியே. என் தோள்மேல் உட்கார்ந்திருந்த தம்பிக்கு றெக்கை மட்டும்தான் தெரிந்தது.

அதுக்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. எங்க அப்பத்தா கல்யாணத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வீட்டுக் கதவைக் கழற்றி, அதில் உட்காரவைத்துத் தூக்கினார்களாம். சின்ன வயசில் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். பிறகு படிக்கும்போதுதான் சிரிப்பு நின்றது. 1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில் கள்ளர் சாதி நாட்டார்கள் நம் சனங்களுக்கு எட்டுத் தடை போட்டார்கள். 1931 ஜூனில் அது பதினொன்றாக ஆனது. 1931 சென்சஸை நடத்திய ஹட்டன் இதைத் தன் புத்தகத்தில் பதிந்து வைத்திருக்கிறார். கல்யாணத்தில் குதிரை ஏறக்கூடாது, வீட்டுக் கதவைத்தான் பல்லக்காக வைத்துக்கொள்ள வேண்டும், எந்தக் காரியத்துக்கும் வண்டி வாகனம் கூடாது என்பதும் அந்தத் தடைகளில் உண்டு. அப்பத்தா சொன்னது வேடிக்கைக் கதை இல்லை. சட்டம். சாதி போட்ட சட்டம்.

கதவில் போனவளின் மருமகள் ஹெலிகாப்டரில் ஏறினாள். பெல்ட் மாட்டினார்கள், காதை மூடினார்கள். தரை நழுவியபோது என் கையை நகம் பதியப் பிடித்தாள். கீழே யானைமலை படுத்துக் கிடந்தது. "நம்ம ஊரு தெரியுமாய்யா?" என்று கத்தினாள். தெரியாது, அது தூரம் என்று கையை ஆட்டினேன். இறங்கி வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "மேல யாரும் மறிக்கல. அங்கெல்லாம் தெருவே இல்லயில்ல."

அதே டிசம்பரில் ராஜஸ்தான் பார்மர் மாவட்டத்தில் ஒரு தலித் மாப்பிள்ளை கட்டிய பெண்ணை ஹெலிகாப்டரில் அழைத்துவந்தார். குதிரையேறிய தலித் மாப்பிள்ளைகளுக்குக் கல்லெறி விழுந்த மாநிலம் அது. செய்தியைப் பார்த்துச் சந்தோசப்பட்டேன். ஆனால் ஆத்தா சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. ஹெலிகாப்டர் தெருவுக்கு மேலே போகும். தெரு வழியாகப் போகாது.

தெரு என்ன செய்யும் என்பதை 2025 பிப்ரவரியில் எங்கள் சிவகங்கை மாவட்டமே காட்டியது. மானாமதுரைப் பக்கம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதற்காக என்பது புகார். மூன்று பேர் கைதானார்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு. 'வண்டி வாகனம் கூடாது' என்று சொல்லி 94 வருசம் ஆகிவிட்டது. காகிதம் செல்லரித்துவிட்டது. அரிவாள் துருப்பிடிக்கவில்லை.

அந்தச் சமயம் என் மகன் புல்லட்தான் வேண்டும் என்று நின்றான். சித்தப்பன் பணம் தருகிறேன் என்கிறான். நான்தான் பயந்தேன். "பஸ்ஸில போடா, இன்னும் ரெண்டு வருசம் போகட்டும்" என்றேன். மேடையில் பேசுகிறவன்தான் நான். சொந்தப் பிள்ளை என்றதும் வாய் இப்படித்தான் வந்தது. ஆத்தா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள்.

"வாங்கிக் குடுய்யா. நான் வானத்துல போயிட்டு வந்துட்டேன். எம்பேரன் தெருவுல போகட்டும்."

வாங்கிக் கொடுத்தோம். தினமும் ஊர்த்தெரு வழியாகத்தான் போகிறான், வருகிறான். இதுவரை யாரும் மறிக்கவில்லை. ஆனால் பொழுது சாய்ந்தால் ஆத்தா திண்ணைக்கு வந்துவிடுவாள். பக்கத்தில் நானும் உட்காருவேன். புல்லட் சத்தம் முக்கு திரும்புகிற வரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டோம்.