தலைமன்னார் முதல் அரிச்சல்முனை வரை

நல்ல காரியத்துக்காக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகிறவர்களைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். ஓடுவதற்குச் சாலை வேண்டும். ராமேஸ்வரம் தீவின் கிழக்குக் கோடியில் அந்தச் சாலை முடிந்துவிடுகிறது, அதற்கப்புறம் கடல்தான். அந்தக் கடலையும் விட்டுவைக்காமல் நீந்திக் கடந்தவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒரு சிறுமி நீந்திய ஒரு நாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2022 மார்ச் 20. மும்பையைச் சேர்ந்த ஜியா ராய்க்கு அப்போது வயது 13. அப்பா கடற்படையில் வேலை பார்ப்பவர். ஜியாவுக்கு இரண்டு வயதிலேயே ஆட்டிசம் இருப்பதாகக் கண்டறிந்தார்கள். அன்று பொழுது விடியும் முன்பே இலங்கையின் தலைமன்னாரில் தண்ணீரில் இறங்கியவர், மாலையில் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் கரையேறினார். தூரம் ஏறக்குறைய 29 கிலோமீட்டர். எடுத்துக்கொண்ட நேரம் 13 மணி 10 நிமிடம். 2004-ல் புலா சௌத்ரி 13 மணி 52 நிமிடத்தில் கடந்திருந்தார், அதைவிட இது குறைவு. ஆட்டிசம் பற்றி நாலு பேர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்த நீச்சல். அப்போதைய தமிழக டி.ஜி.பி. சைலேந்திர பாபு கரையில் இருந்து வரவேற்றார்.

செய்தித்தாளில் இது ஒரு சின்ன பத்தியோடு முடிந்துவிடும். ஆனால் 13 மணி நேரம் என்றால் என்ன என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சென்னையில் மாலை ரயில் ஏறினால் அதைவிடச் சீக்கிரம் ராமேஸ்வரத்தில் இறங்கிவிடலாம். அதுவும் தூங்கிக்கொண்டே!

தனுஷ்கோடிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே இரண்டு கடல்கள். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் அலை குறைவு, அதைப் பெண் கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா ஆர்ப்பரிக்கும், அது ஆண் கடல். தலைமன்னாருக்கும் அரிச்சல்முனைக்கும் நடுவே வரிசையாக மணல் திட்டுகள். ஆழம் குறைவாக இருப்பதால் எளிது என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு கடல்களின் தண்ணீரும் அந்தத் திட்டுகளுக்கு இடையில்தான் புகுந்து போக வேண்டும். இங்குள்ள மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம் அங்கே இழுக்கும். நேராக நீந்துவதாக நினைத்துக்கொண்டு பக்கவாட்டில் எங்கோ போய்க்கொண்டிருப்போம். அதனால்தான் இரண்டு பருவமழைக்கும் இடையில் கடல் கொஞ்சம் அடங்கியிருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களை நீச்சல் வீரர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நவரத்தினசாமி 1954-ல் நீந்தியது மார்ச்சில். மிஹிர் சென் 1966-ல் நீந்தியதும், 12 வயது குற்றாலீஸ்வரன் 1994-ல் நீந்தியதும் ஏப்ரலில்.

கடல் அடங்கினாலும் வெயில் அடங்காதே. முதுகும் பிடரியும் வெந்துபோகும். உப்புத் தண்ணீர் வாய்க்குள் போய்ப்போய் நாக்கு தடித்துவிடும். அக்குளில், கழுத்தில் உரசி உரசித் தோல் கழன்றுவிடும். ஜெல்லி மீன் பட்டால் தீ சுட்டதுபோல எரியும். இத்தனைக்கும் கூடவே படகு வருகிறது. கையெட்டும் தூரத்தில்! ஆனால் அதைத் தொடக் கூடாது. தொட்டால் நீச்சல் செல்லாது. சாப்பாடும் தண்ணீரும் நீட்டுவார்கள், மிதந்தபடியே குடித்துவிட்டு மறுபடி கை வீச வேண்டியதுதான்.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. தண்ணீர் மட்டத்தில் தலை இருக்கும்போது அடிவானம் இரண்டு கிலோமீட்டரில் முடிந்துவிடும். அரிச்சல்முனையோ தட்டையான மணல். ஆகவே கரை நெருங்குகிறது என்பதே கடைசிவரை கண்ணுக்குத் தெரியாது. ஓடுகிறவருக்காவது மைல்கல் இருக்கிறது. இங்கே அதுவும் இல்லை.

இந்த நீச்சலில் எல்லாவற்றையும்விடக் கடினமான வேலை படகில் இருப்பவர்களுடையதாகத்தான் இருந்திருக்க வேண்டும். நெடுந்தூரம் நீந்துபவர் சோர்ந்துவிட்டாரா என்று அறிய, வழக்கமாகப் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பார்கள். பெயர் என்ன, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பார்கள். பதில் குழறினால் வெளியே தூக்கிவிடுவார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு வலிக்கிறது, முடியவில்லை, போதும் என்பதை வார்த்தையில் சொல்வதே சிரமம். அப்படியென்றால் நிமிடத்துக்கு எத்தனை முறை கை வீசுகிறாள், தலை எப்படித் திரும்புகிறது, வாங்கிய தண்ணீரைக் குடிக்கிறாளா என்று பார்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இது விளையாட்டுக் காரியம் இல்லை. 1971-ல் இதே கடலைப் போகவும் வரவுமாக 51 மணி நேரத்தில் கடந்தவர் குமார் ஆனந்தன். அவ்வளவு பெரிய வீரர் 1984-ல் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போது உயிரிழந்தார்.

கனடாவின் டெரி ஃபாக்ஸ் கதை தெரிந்திருக்கும். புற்றுநோயால் ஒரு காலை இழந்தவர். புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட 1980 ஏப்ரலில் செயற்கைக் காலோடு ஓடத் தொடங்கினார். 143 நாட்கள், 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டம்பர் 1-ம் தேதி நிறுத்த வேண்டி வந்தது. மறு ஆண்டு காலமானார். அவர் எதற்காக ஓடினார் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பணம் சேர்ந்தது, ஆராய்ச்சிக்குப் போனது.

விழிப்புணர்வுக்காக நீந்துவதால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இங்கே கிடைக்க வேண்டியது காலம். நம் வீடுகளில் குழந்தை மூன்று வயதாகியும் பேசவில்லை என்றால் என்ன சொல்கிறோம்? "அவங்க அப்பாவே அஞ்சு வயசுலதான் பேசினாரு", "ஆம்பளப் பிள்ளைன்னா மெதுவாத்தான் பேசும்." நாக்கில் தேன் தடவுவோம், மந்திரித்துத் தாயத்துக் கட்டுவோம். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்க்கவில்லை என்பதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்வோம். பயிற்சி எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு பலன் என்று மருத்துவர்கள் சொல்லும் ஆண்டுகள் இப்படியே போய்விடுகின்றன. ஜியாவின் வீட்டில் இரண்டு வயதில் கண்டுபிடித்தார்கள். சட்டமே இதில் தாமதம்தான். 1995-ன் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம்பெற்றது. 2016-ன் உரிமைகள் சட்டத்தில்தான் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்தார்கள்.

இப்படிப்பட்ட சாதனைச் செய்திகளில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஆட்டிசம் என்றாலே ஏதோ ஒரு அபூர்வத் திறமை ஒளிந்திருக்கும் என்று சினிமா சொல்லிக்கொடுத்துவிட்டது. "அந்தப் பொண்ணு கடலையே தாண்டுது, உன் பையன் ஏன் செருப்பு மாட்டக்கூட மாட்டேங்குறான்?" என்று ஒரு தாயிடம் யாராவது கேட்டால் அதைவிடக் கொடுமை வேறில்லை. பக்கத்துத் தெருப் பையன் தானே சட்டைப் பொத்தான் போட்டுக்கொள்ள ஒன்றரை வருடம் பழகியிருப்பான். அதற்கு யாரும் கரையில் நின்று மாலை போடுவதில்லை. ஆனால் அந்த வீட்டில் அன்றைக்குப் பாயசம் வைத்திருப்பார்கள்.

ஜியா அதற்கு முந்தைய வருடம், 2021 பிப்ரவரியில், மும்பை பாந்த்ரா-வோர்லி பாலத்திலிருந்து கேட்வே ஆஃப் இந்தியா வரை 36 கிலோமீட்டரை 8 மணி 40 நிமிடத்தில் நீந்தியிருந்தார். தலைமன்னாரிலிருந்து வந்தது அதைவிடக் குறைந்த தூரம். ஆனால் நாலரை மணி நேரம் கூடுதலாகப் பிடித்தது. நீவாடு என்றால் என்ன என்பதற்கு இந்தக் கணக்கே போதும். 2024 ஜூலை இறுதியில் அவர் ஆங்கிலக் கால்வாயையும் கடந்தார். அங்கே 34 கிலோமீட்டர், 17 மணி 25 நிமிடம். நம் கடலில் இல்லாத குளிர் வேறு.