இந்தச் செயினைச் செய்தது யார்?

டியூடர் பிளாக் பே ஃபிஃப்டி எய்ட் கடிகாரத்தின் ஸ்டீல் செயினைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால், கண்ணிகளின் ஓரத்தில் வரிசையாக வட்டத் தலைகள் துருத்திக்கொண்டு தெரியும். பார்த்தவுடன் ரிவிட் என்றுதான் தோன்றும். பாரிமுனையில் கடிகாரம் பழுது பார்க்கும் பாய், வேறொரு வாடிக்கையாளருடைய கடிகாரத்தை எடுத்து, கண்ணில் லூப்பை இடுக்கிக்கொண்டு, அந்தத் தலைகளில் ஒன்றை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டுக் காட்டினார்.

"இது சும்மா சார். எதையும் பிடிச்சு நிக்கல. கண்ணிய சேத்து வச்சிருக்கிறது உள்ள போற திருகாணிதான். இது பொட்டு வச்ச மாதிரி, அழகுக்கு."

"கம்பெனி ஒரிஜினல்தானே பாய்?"

"சுத்த ஒரிஜினல் சார்."

அசல் செயினில் எதற்குப் போலி ரிவிட்? நான் அங்கே போனது வேறு காரியமாக. செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் பிளாக் பே தோல் ஸ்டிராப்போடு மட்டும் வந்திருந்தது. சென்னை வியர்வையில் தோல் ஸ்டிராப் ஒரு கோடையைத் தாண்டுவதில்லை. ஓரம் கறுத்து, மடிப்பில் வெடித்து, பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவருக்கும் தெரிகிற வாசம் வந்துவிடும். ஸ்டீல் செயின்தான் வழி. கம்பெனி செயினைத் தனியாக வாங்குகிற காசுக்கு நல்ல ஜப்பானியக் கடிகாரம் ஒன்றே வாங்கலாம். வேறு ஆள் செய்த வெளி செயினுக்கு அதில் ஒரு சிறு பங்கு போதும். எதை வாங்குவது என்று கேட்கப் போனவன், இந்த ரிவிட் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்துவிட்டேன்.

பெயரிலேயே ஒரு துப்பு இருக்கிறது. 2018இல் வந்த இந்த 39 மில்லிமீட்டர் கடிகாரத்தின் 'ஃபிஃப்டி எய்ட்' 1958ஐக் குறிக்கிறது. அந்த ஆண்டில் டியூடர் 7924 என்ற எண்ணுள்ள சப்மரைனரை வெளியிட்டது. 200 மீட்டர் ஆழம் தாங்கக்கூடிய முதல் டியூடர் அது. சாவி கொடுக்கும் பெரிய கிரீடம் வைத்த அந்த மாடலின் சாயலில்தான் இப்போதையதைச் செய்திருக்கிறார்கள். முகப்பு, கிரீடத்தில் பொறித்த ரோஜா எல்லாம் பழசின் நினைவு. செயினும் அப்படியே. பழையதில் ரிவிட் உண்மையாக இருந்தது.

அந்த உண்மையான ரிவிட்டைக் கையில் எடுத்துப் பார்க்கக் கிடைத்தது மயிலாப்பூரில், பழைய கடிகாரங்கள் சேர்க்கும் நண்பர் ஒருவர் வீட்டில். அவரிடம் இருந்தது, பழைய டியூடரிலும் வந்த ரோலெக்ஸ் ஆய்ஸ்டர் செயின், அறுபதுகளில் செய்தது. முதலில் எடைதான் ஏமாற்றியது. இவ்வளவு பேர் பெற்ற பொருள் தகரம் மாதிரி லேசாக இருந்தது. கண்ணி ஒவ்வொன்றும் மெல்லிய ஸ்டீல் தகட்டை மடித்துச் செய்தது, உள்ளே வெறும் கூடு. அதற்குள் குறுக்கே ஊசி ஓடுகிறது. ஊசியின் தலையைத் தட்டி விரித்து, திரும்ப வராதபடி பண்ணியிருக்கிறார்கள். அந்தத் தலைதான் ரிவிட். அதை எடுத்தால் செயின் உதிர்ந்துவிடும். நினைத்தால் ஒரு கண்ணியைக் கழற்றிக் கையளவுக்குக் குறைக்கிற வேலையும் இதில் அவ்வளவு சுலபமாக நடக்காது. நண்பர் லாக் பக்கத்தைப் பிடித்துச் செயினைப் படுக்கைவசமாக நீட்டினார். அது வில் மாதிரி தொய்ந்தது. இத்தனை வருடத் தேய்மானத்தில் ஊசித் துளைகள் நீள்வட்டமாகியிருக்கின்றன. திடமான கண்ணியும் திருகாணியும் வந்தபின் அந்த முறை ஏன் போனது என்று அப்போதே புரிந்துவிட்டது. பழைய செயினின் குறைகளை எல்லாம் தீர்த்துவிட்டு, குறையின் அடையாளத்தை மட்டும் ஒட்டவைத்திருக்கிறார்கள் இப்போது.

நண்பர் லாக்கைத் திறந்து உள்தகட்டைக் காட்டினார். ரோலெக்ஸின் கிரீட முத்திரை குத்தியிருந்தது. பக்கத்தில் ஆண்டின் எந்தக் காலாண்டு, எந்த வருடம் என்று சொல்லும் எண்கள். "இதைச் செய்தது ரோலெக்ஸ் இல்லை" என்றார்.

ஜெனீவாவில் கே ஃப்ரேர் என்று ஒரு பட்டறை. 1835இல் தொடங்கியது, அடிப்படையில் சங்கிலி செய்கிறவர்கள். கடிகாரம் சட்டைப்பையிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியபோது இவர்களும் கூடவே ஏறினார்கள். ரோலெக்ஸுக்குச் செய்தார்கள். 1969இல் ஜெனித் எல் பிரிமேரோவுக்கு, நடுவில் இடைவெளி விட்டு ஏணி போலிருக்கும் செயினைச் செய்தார்கள். ஹாயர் கடிகாரங்களுக்குச் செய்தார்கள். 1972இல் ஜெரால்ட் ஜென்டா வரைந்த ஓடமார் பிகே ராயல் ஓக்கின் செயினைச் செய்து கொடுத்ததும் இவர்களே. சில செயின்களின் உள்பக்கத்தில் ஜி, எஃப் என்று இரண்டு எழுத்து இருக்கும், அவ்வளவுதான். மேலே தெரிகிற பெயர் எப்போதும் கடிகாரக் கம்பெனியுடையது. 1998இல் ரோலெக்ஸ் அந்தப் பட்டறையையே வாங்கிக்கொண்டது. அதற்கு முன்வரை, நாம் 'ரோலெக்ஸ் ஒரிஜினல்' என்று கண்ணில் ஒற்றிக்கொள்கிற பழைய செயின்களில் பல, வெளி ஆள் செய்த சரக்கு.

இன்னும் தோண்டினால் கதை நன்றாகவே கலங்குகிறது. சுவிட்சர்லாந்திலிருந்து செயினை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனால் இறக்குமதி வரி. அதனால் அங்கேயே சி அண்ட் ஐ என்ற முத்திரையுடன் ரோலெக்ஸுக்கு ரிவிட் செயின்கள் செய்யப்பட்டன. மெக்சிகோவில் செய்தவையும் உண்டு. இவையெல்லாம் அசலா, இல்லையா? கடையில் ரோலெக்ஸ் கடிகாரத்தோடு சேர்த்து விற்றது, ரோலெக்ஸ் பெயர் இருப்பது; ஆனால் ஜெனீவா கைப்படாதது. சேகரிப்பவர்கள் இதற்கு ஒரு தனி விலை வைத்திருக்கிறார்கள், ஜெனீவா செயினுக்குக் கீழே.

டியூடரின் பிறப்பே இப்படிக் கலந்ததுதான். ரோலெக்ஸை நிறுவிய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃபுக்காக அந்தப் பெயர் பதிவானது 1926இல். தனிக் கம்பெனியானது 1946இல். ரோலெக்ஸ் தரத்துக் கேஸ், உள்ளே வெளியிலிருந்து வாங்கிய இயந்திரம், அதனால் குறைந்த விலை என்பதுதான் அவருடைய யோசனை. பழைய டியூடர் சப்மரைனரைத் திருப்பினால் பின்மூடியில் ரோலெக்ஸ் பெயர், கிரீடத்தில் ரோலெக்ஸ் முத்திரை, செயினிலும் ரோலெக்ஸ். டியூடரில் டியூடருடையது முகப்பில் எழுதிய பெயர் மட்டும்தான் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ரொம்ப மிகை இல்லை. பிரெஞ்சுக் கடற்படை இன்னும் ஒரு படி மேலே போனது. டியூடர்களைச் செயினே இல்லாமல் வாங்கி, முக்குளிப்பவர்கள் பாராசூட்டின் எலாஸ்டிக் பட்டையை வெட்டிக் கட்டிக்கொண்டார்கள். இன்று அந்தப் பட்டையைப் பார்த்துச் செய்த துணி ஸ்டிராப்பை டியூடரே விற்கிறது.

வெளிச் சரக்கு கம்பெனிச் சரக்கைவிடப் பேர் வாங்கிய இடமும் உண்டு. அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் இர்விங்டனில் ஃபோர்ஸ்ட்னர் என்று ஒரு நகைக் கம்பெனி இருந்தது. அது செய்த காம்ஃபிட் என்ற மெல்லிய வலைச் செயினை, அப்போலோ காலத்து விண்வெளி வீரர்கள் தங்கள் ஒமேகா ஸ்பீட்மாஸ்டரில் மாட்டிக்கொண்டார்கள். ஒமேகா கொடுத்த செயினைக் கழற்றிவிட்டு, வெளியே வாங்கியது. ஃபோர்ஸ்ட்னர் பெயர் நெடுங்காலம் மறைந்திருந்து, சமீப வருடங்களில் திரும்ப வந்து அதே காம்ஃபிட்டைச் செய்கிறது. ஸ்பீட்மாஸ்டருக்கு 'சரியான' செயின் எது என்று யாராவது அடித்துப் பேசினால் இதை நினைத்துக்கொள்வேன்.

இவ்வளவும் தெரிந்தபின் வெளி செயின் ஒன்றையே வாங்கிக்கொண்டு பாயின் மேசைக்குத் திரும்பினேன். அதை, அதே வாடிக்கையாளரின் கம்பெனி செயினுக்குப் பக்கத்தில் வைத்தார். உலோகத்தில் பேதம் இல்லை, இரண்டும் 316எல் ஸ்டீல். (904எல் என்ற வேறு ரகம் ரோலெக்ஸுடையது, டியூடருக்கு அது கிடையாது.) அகலமும் ஒத்துப்போனது, கேஸ் பக்கம் 20 மில்லிமீட்டரில் தொடங்கி லாக் பக்கம் 16க்குக் குறுகுவது. வித்தியாசம் முனைக்கண்ணியில். கேஸின் இரண்டு காதுகளுக்கு நடுவே உட்காரும் அந்தத் துண்டு, கம்பெனி செயினில் கேஸோடு பிறந்த மாதிரி பொருந்தியது. மேல்விளிம்பின் வளைவு கேஸின் வளைவைத் தொடர்ந்து ஓடுகிறது, நகம் நுழைய இடமில்லை. என்னுடையதில் ஒரு பக்கம் மயிரிழை இடைவெளி. ஆட்டினால் கடகடவென்று சத்தம்.

"பின் சின்னது சார்" என்றார் பாய். உள்ளே வந்த ஸ்பிரிங் பின்னைத் தள்ளிவிட்டு, டப்பாவிலிருந்து தடித்த ஒன்றை எடுத்துப் போட்டார். சத்தம் பாதி போனது. முனைக்கண்ணியின் உள்முகத்தை எமரித் தாளில் இரண்டு இழுப்பு இழுத்து மறுபடி மாட்டினார். மீதிச் சத்தமும் போனது. இடைவெளி மட்டும் லூப்பில் இன்னும் தெரிகிறது.

லாக்கில் கம்பெனிக்குத்தான் முழு மதிப்பெண். மூடும்போது பீங்கான் குண்டுகள் பிடிக்கிற அந்த 'டக்' வெளி லாக்கில் கிடையாது. ஆனால் மணிக்கட்டு வீங்குகிற ஊரில் எனக்கு வேறொன்று தேவைப்பட்டது. ஃபிஃப்டி எய்ட் வந்த புதிதில் அதன் லாக்கைத் தளர்த்த ஊசி மாதிரி ஒரு கருவி வேண்டியிருந்தது. ஆபீஸில் பகல் ரெண்டு மணிக்கு எங்கே போவது? என் வெளி செயினில் விரலால் இழுத்தால் போதும். டியூடரும் பிறகு டி-ஃபிட் என்று ஒரு லாக் கொண்டுவந்தது, ஐந்து நிலைகளில் 8 மில்லிமீட்டர் வரை கையாலேயே தளர்த்தலாம். ரிவிட் விஷயத்திலும் அவர்களுக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். 2023இல் வந்த 41 மில்லிமீட்டர் பிளாக் பேயின் மூன்று கண்ணிச் செயினில் பொட்டைக் காணோம்.

இந்தத் தேடலில் எனக்குக் கோபம் வந்தது ஒரே ஒரு சரக்கின் மேல். வெளியே செய்துவிட்டு லாக்கில் டியூடரின் கேடய முத்திரையைக் குத்தி விற்கிறார்களே, அது. விலை என் செயினைவிடக் கூட, முனைக்கண்ணி அதைவிட மோசம். கே ஃப்ரேர்காரர்கள் ரோலெக்ஸ் கிரீடத்தைக் குத்தியது ரோலெக்ஸ் கேட்டுக்கொண்டதால். இவர்களை யாரும் கேட்கவில்லை.

மயிலாப்பூர் நண்பருக்கு என் முடிவில் உடன்பாடு இல்லை. நாளை விற்கப் போனால் கம்பெனி செயின் இல்லாத கடிகாரத்துக்கு யாரும் முழு விலை தரமாட்டார்கள் என்கிறார். அது சரிதான், வாங்கும்போது அந்தக் குறையைச் சொல்லித்தான் நானும் விலையைக் குறைத்தேன். பாய்க்கு அந்தக் கவலை இல்லை. கண்ணியின் திருகாணிகளில் கழன்றுவராத பசையை ஒவ்வொரு சொட்டு விட்டு, கூலியை வாங்கிக்கொண்டு, நாளைவரை தண்ணீர் படவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.