கொடைக்கானல் பேருந்துக்கு முன்

திண்டுக்கல்லில் இறங்குகிறவர்களில் பலருக்கு அது போய்ச்சேரும் ஊர் இல்லை. கொடைக்கானலுக்கோ பழனிக்கோ பேருந்து மாறுகிற இடம். நேரமிருந்தால் சீரகச் சம்பா பிரியாணி சாப்பிடுவார்கள், அவ்வளவுதான். நானும் வெகுகாலம் அப்படித்தான் வந்துபோனேன். பிறகு ஒரு மாசி மாதக் காலையில் மலைக்கோட்டைக்கு ஏறினேன். அன்றிலிருந்து இந்த ஊரை விட முடியவில்லை.

பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஊர் நடுவே ஒற்றைப் பாறையாக நிற்கும் மலை. டிக்கெட் கொடுக்கத் தொடங்கியதுமே ஏறிவிடுவது நல்லது. வெயில் உறைத்துவிட்டால் வெறும் பாறையில் ஒதுங்க நிழல் கிடையாது. பாறையிலேயே வெட்டிய அகலப் படிகள். முதலில் சுலபமாகத் தெரியும். பாதி தூரத்தில் கெண்டைக்கால் இறுகி, மூச்சு வாங்கும்போதுதான் மதில் எவ்வளவு சாமர்த்தியமாகப் பாறையின் வளைவோடு வளைந்து போகிறது என்பது கண்ணில் படும். ஏறி வருகிற எவனையும் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். நான் இளைப்பாற நின்ற இடமெல்லாம் மேலேயிருந்து துப்பாக்கி பிடித்தவனுக்கு நேர் குறி என்று புரிந்தபோது உடம்பு சிலிர்த்தது.

மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் 1605-இல் கட்டத் தொடங்கிய கோட்டை இது. 1755-இல் மைசூர் அரசு ஹைதர் அலியைத் திண்டுக்கல்லின் ஃபவுஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக, அனுப்பியது. அவருடைய எழுச்சிக்கு அடித்தளம் இங்கேதான் விழுந்தது. சிவகங்கையை இழந்த ராணி வேலு நாச்சியார் விருப்பாச்சியிலும் திண்டுக்கல்லிலும் தங்கி, ஹைதரின் துணை பெற்று, 1780-இல் தன் சீமையை மீட்டார். 1790-இல் திண்டுக்கல் கோட்டையை ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு ஊர் அவர்கள் கைக்கே போனது. இதையெல்லாம் புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆனால் இந்தப் பாறைக்காக ஏன் இத்தனை பேர் அடித்துக்கொண்டார்கள் என்பதை உச்சியில் நின்றபோதுதான் கண்டேன். மேற்கே பழனி மலைத்தொடர், தென்கிழக்கே சிறுமலை. இரண்டுக்கும் இடையே திறந்து கிடக்கிறது சமவெளி. கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து மதுரைக்குப் போகிற படை இந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும். பாறையை வைத்திருப்பவனிடம் வாசல் இருக்கிறது.

உச்சியில் மூலவர் இல்லாத கோயில், வெடிமருந்துக் கிடங்கு, மழைநீர் தேங்கும் சுனைகள். தூண் சிற்பங்களின் மேல் காதலர் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அங்கிருந்து பார்த்த சிறுமலைதான் என்னை அடுத்து இழுத்தது. ஊரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், 18 கொண்டை ஊசி வளைவுகள். சாலையில் பாதி ஏறும்போதே காற்று மாறிவிடும். அகஸ்தியர்புரத்திலிருந்து வெள்ளிமலைச் சிவன் கோயிலுக்குப் போகும் ஏற்றம் செங்குத்து. மழை பெய்த மறுநாள் வேரையும் கல்லையும் பிடித்துத்தான் ஏறினேன். ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தவை தோட்டங்களுக்குள் ஓடும் ஒற்றையடிப் பாதைகள். காப்பி, மிளகு, பலா, எலுமிச்சை என்று நிழலுக்குள் நிழல். வண்டி போகாத தோட்டங்களிலிருந்து இன்னும் குதிரைதான் சுமை இறக்குகிறது. ஒரு திருப்பத்தில் மூட்டையோடு குதிரை வர, நான் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினேன்.

“அண்ணே, அங்க நிக்காதீங்க. மேட்டுப் பக்கம் ஏறிக்கங்க. மூட்டை இடிச்சா உருண்டுருவீங்க” என்று பின்னால் வந்தவர் கத்தினார்.

ஏறிக்கொண்டேன். அவரோடு தோட்டம் வரை நடந்து பேசிக்கொண்டு போனேன். பொங்கலுக்கு மாட்டைப் போலவே குதிரைக்கும் பொங்கல் வைக்கிற மலை இது. புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழைப்பழம் ஒன்றைத் தந்தார். சிறிய பழம், இனிப்புக்குள் மெல்லிய புளிப்பு. 1970-களில் முடிக்கொத்து நோய் இந்த மலையின் வாழையை ஏறக்குறைய அழித்தது. மிஞ்சியதை மீட்டு வளர்த்தவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் இன்றைக்கும் அந்தச் சரிவுகளில் வேலை செய்கிறார்கள். கீழே சந்தையில் விலை கேட்டுப் பேரம் பேச எனக்கு இப்போது வாய் வருவதில்லை.

போக வேண்டியவை இன்னும் இருக்கின்றன. அய்யலூர், கடவூர்க் காடுகளில் தேவாங்கு வாழ்கிறது. 2022-இல் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரை இந்தியாவின் முதல் தேவாங்குச் சரணாலயமாக அரசு அறிவித்தது. இரவில் உலவும் விலங்கு. பூச்சிகளைத் தின்று விவசாயிக்கு உதவுகிறது. டார்ச் வெளிச்சம் பட்டால் அதற்கு ஆகாது. அதனால் வனத்துறையின் அனுமதியும், காட்டை அறிந்தவர் ஒருவரின் துணையும் கிடைக்கும்வரை அந்தப் பக்கம் போவதில்லை என்று வைத்திருக்கிறேன். அதுவரை ரங்கமலை இருக்கிறது. கரூர்ச் சாலையில் போகும்போதெல்லாம் பேருந்து ஜன்னலில் தெரிகிற அந்த மலைக்கு வருகிற கார்த்திகையில் ஏற வேண்டும்.