நிரம்பாத குழி

எங்கட பக்கத்தில வீடு கட்டின ஆக்கள் பெருமையாச் சொல்லுற கதையொன்று இருக்கு: "கட்டி இருபது வருஷமாச்சு, எங்கட கக்கூஸ் குழி இன்னும் நிரம்பேல்லை." கேக்கிறவையும் தலையாட்டுவினம். நல்ல மேசன், நல்ல குழி. ஒரு குடும்பம் இருபது வருஷமா இருந்த கழிவு எங்க போனதெண்டு மட்டும் ஒருத்தரும் கேக்கிறேல்லை.

நான் கலைப்பீடத்தில புவியியல் படிக்கிறன். வீடு குருநகர்ப் பக்கம். அப்பா பரவைக்கடலில நண்டும் இறாலும் பிடிக்கிறவர். ஆனபடியால் இந்தக் கேள்வி எனக்குப் பாடமாகவும் வருது, சாப்பாடாகவும் வருது.

முதலில் நிலத்தைப் பாப்பம். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லுக்கு மேல இருக்கு. அந்தக் கல் மழைத்தண்ணியில் கரையும். வெடிப்பும் பொந்தும் குகையும் ஆகும். நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அதுக்குச் சாட்சி. கீரிமலையில் நன்னீர் நிலத்துக்குக் கீழால ஓடிவந்து கடல் ஓரத்தில வெளிவருது. வருஷம் முழுக்க ஓடுற ஆறு எங்களுக்கு ஒன்றும் இல்லை. வழுக்கையாறு கூட மாரிக்கு மட்டும்தான். எங்கட ஆறெல்லாம் நிலத்துக்குக் கீழதான். அந்தத் தண்ணியைத்தான் கிணத்தில அள்ளுறம், மிச்சம் கடலுக்குப் போகுது.

அதே கல்லுக்குள்ளதான் எங்கட மலக்குழியும் இருக்கு. யாழ் நகரத்துக்குக் குழாய்வழிக் கழிவகற்றல் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குழி. கிணத்துக்கும் குழிக்கும் ஐம்பது அடி இடைவெளி வேணும் எண்டது எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு. முக்கால் பரப்புக் காணியில், மூன்று பக்கமும் அயல்வீட்டுக் குழி இருக்கேக்க, அந்த ஐம்பது அடியை எங்க அளக்கிறது? குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று கூடிப்போச்சு எண்டு 1980களில் இருந்தே ஆய்வாளர்கள் எழுதினம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டின கிணறுகள் இங்க கனக்க. தோட்டத்து உரமும் காரணம், மலக்குழியும் காரணம்.

சட்டம் இல்லையோ எண்டால், இருக்கு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம். 1981இல் கரையோரம் பேணல் சட்டம். உயர் அலைக்கோட்டில் இருந்து தரைப்பக்கம் 300 மீற்றரும், தாழ் அலைக்கோட்டில் இருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றரும் கரையோர வலயம் எண்டு அது சொல்லுது. 2008இல் கடல் மாசடைதல் தடுப்புச் சட்டம். அதே வருஷம் வந்த வர்த்தமானி, கழிவுநீரை எங்க விடுறது எண்டதைப் பொறுத்து எல்லைகளை வகுத்தது. கழிவில இருக்கிற அழுகிற பொருளைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஒட்சிசன் வேணும் எண்டது ஒரு அளவு. உள்நாட்டு நீர்நிலைக்கு விட்டால் அது லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது. கரையோரக் கடலுக்கு விட்டால் 100 வரை போகலாம். கடல் பெரிசு, தாங்கும் எண்ட நினைப்பு அந்த இலக்கத்துக்குள்ள இருக்கு. கொழும்பின் மலக்கழிவு வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் நீளக் குழாய் போட்டு, சுத்திகரிக்காமலே கடலுக்குப் பல காலம் விடப்பட்டதும் அதே நினைப்பாலதான்.

இந்தச் சட்டங்களை வாசிக்கேக்க எனக்கு ஒரு விஷயம் உறைச்சது. இவை எல்லாம் பெரும்பாலும் ஒரு வாயைத் தேடுது. ஒரு தொழிற்சாலை, ஒரு ஹொட்டேல், ஒரு குழாய், அது திறபடுற இடம். அந்த வாயில போத்தலை வைச்சுத் தண்ணி எடுத்துச் சோதிக்கலாம், உரிமத்தை ரத்துச் செய்யலாம், வழக்குப் போடலாம். எங்கட ஊரில அந்த வாய் இல்லை. ஆயிரக்கணக்கான குழிகள் கல்லுக்குள்ளால மெல்லக் கசியுது.

சுன்னாகத்தை நினைச்சுப் பாருங்கோ. கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினை உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் நொதேர்ன் பவர் கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு கட்டவேணும் எண்டு தீர்ப்பு வந்தது. அங்க கைகாட்ட ஒரு ஆள் இருந்தது. மலக்குழி விஷயத்தில யாரைக் காட்டுறது? அயல்வீட்டையா, அம்மாவையா?

வேற இடங்களிலயும் இந்தச் சிக்கல் வந்திருக்கு. ஹவாயில் மாவி எண்ட தீவில, லஹைனா ஊரின் சுத்திகரிப்பு நிலையம் கழிவுநீரை ஆழமான கிணறுகளுக்குள்ள செலுத்தினது. எங்களுக்குச் சுண்ணாம்புக்கல், அவைக்கு எரிமலைக்கல். ஆய்வாளர்கள் சாயத்தைக் கலந்து பார்த்தினம். 84ஆம் நாள் அது கடற்கரையில் தெரிஞ்சது. "நாங்கள் கடலுக்கு விடேல்லை, நிலத்துக்குத்தான் விட்டனாங்கள்" எண்டது நிர்வாகத்தின் வாதம். 2020இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கேல்லை. நிலத்துக்குள்ளால போனாலும், நேரடியா விட்டதுக்குச் சமமெண்டால் அனுமதி எடுக்கவேணும் எண்டது. எவ்வளவு தூரம், எவ்வளவு காலம் எண்டதைப் பாக்கச் சொன்னது. அப்படியெண்டால் வீட்டுக் குழி வைச்சிருக்கிற எல்லாரும் அனுமதிக்கு அலையவேணுமோ எண்ட பயமும் அந்த வழக்கில கதைக்கப்பட்டது. அந்தப் பயம் நியாயமானது. கல்லுண்டாயில் இருந்து பாசையூர் வரைக்கும் வீடு வீடாக வழக்குப் போட ஏலாது.

அப்ப என்ன செய்யலாம்? எங்கட வீட்டில நடந்ததைச் சொன்னால் விளங்கும். போன வருஷம் பழைய கக்கூஸை இடிச்சுப் புதுசு கட்டினம். நாலு அடி வெட்டவே தண்ணி வந்திட்டுது. மேசன் அண்ணை சொன்னார்: "அடியை மூடாதேங்கோ அக்கா, மூடினா அடிக்கடி பவுசருக்குக் காசு குடுக்கவேணும்." அம்மா மாட்டன் எண்டிட்டா. அதுக்கு இரண்டு வருஷத்துக்கு முதல் தங்கச்சிக்கு நெருப்புக்காய்ச்சல் வந்து மூன்று கிழமை பள்ளிக்கூடம் போகேல்லை. எந்தத் தண்ணியால வந்ததெண்டு ஒருத்தராலும் சொல்ல ஏலேல்லை. அம்மா அதை மறக்கேல்லை. அடிக்கும் சுவருக்கும் கொங்கிறீற் போட்டு, அறை பிரிச்சுக் கட்டினம். இப்ப எங்கட குழி நிரம்புது. எங்கட ஒழுங்கைக்குள்ள பவுசர் வராது. நீளக் குழாய் இழுக்கவேணும், அதுக்கு வேற காசு. சொந்தக்காரர் பகிடி பண்ணுகினம். ஒழுங்காகக் கட்டினவன் காசு கட்டுறான். ஒழுங்கில்லாமல் கட்டினவன்ர குழி நிரம்புறதே இல்லை. ஒரு ஒழுங்குவிதி இப்படித் தலைகீழா வேலை செய்தால் அதை யார் மதிப்பினம்?

2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோட யாழ்ப்பாணம் – கிளிநொச்சி நீர் வழங்கல் மற்றும் சுகாதாரத் திட்டம் தொடங்கினது. நகரத்துக்குக் கழிவுநீர்க் குழாய்களும் சுத்திகரிப்பும் அதில இருந்தது. இரணைமடுத் தண்ணி பற்றிக் கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தச் சத்தத்துக்குள்ள கழிவுநீர்ப் பகுதி கைவிடப்பட்டது பலருக்குத் தெரியாது. தண்ணி மட்டும் வந்தது. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்குற நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. ஒரு நாளைக்கு 24,000 கனமீற்றர் அதின்ர கொள்ளளவு. வீட்டுக்கு வாற தண்ணியில் ஏறத்தாழ 80 வீதம் கழிவுநீராகும் எண்டது பொறியியலாளர்களின் பொதுக் கணக்கு. உள்ளுக்கு வாறதுக்குக் குழாய் போட்டாச்சு, வெளியில போறதுக்கு இல்லை. அதோட, கடலைக் குடிக்கத் தொடங்கின ஊர் இது. கடல் தாங்கும் எண்டு இனியும் சொல்லலாமோ?

எனக்குப் பெரிய திட்டம் எதுவும் தெரியாது. ஆனால் சில விஷயங்களைக் கேக்கலாம் எண்டு நினைக்கிறன். வீட்டு வரைபடத்துக்கு அனுமதி குடுக்கிறதோட நிக்காமல், குழியை மூட முதல் ஒருக்கா வந்து பாக்கவேணும். குழி துப்புரவாக்கிறதை உள்ளூராட்சி சபைகள் முறைவைச்சு, மூன்று வருஷத்துக்கு ஒருக்கா எல்லா வீட்டுக்கும் செய்யவேணும். காசை ஆதன வரியோட சேர்த்துச் சிறுகச் சிறுக எடுக்கலாம். அப்ப ஒழுங்காகக் கட்டினவனுக்கு மட்டும் தண்டனை இல்லை. பரவைக்கடல் தண்ணியைச் சோதிச்சு, முடிவைத் தமிழில் இறங்குதுறையில ஒட்டவேணும்.

கஷ்டமான கேள்வி ஒன்று மிச்சம். அள்ளுற கழிவைச் சுத்திகரிக்கிற நிலையம் எங்க வரும்? எல்லாரும் "எங்கட பக்கம் வேண்டாம்" எண்டுதான் சொல்லுவினம், நாங்களும்தான். வாளிக் கக்கூஸ் காலத்தில இந்த ஊர் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைச்சிருந்தது: சில மனிசர் சுமப்பினம், அவை ஒதுக்குப்புறத்தில இருப்பினம். வாளி போட்டுது, ஆனால் கழிவு ஒதுக்குப்புறத்துக்குத்தான் போகவேணும் எண்ட நினைப்பு போகேல்லை. இப்ப அந்த ஒதுக்குப்புறம் கடற்கரை. நிலையத்துக்கு இடம் பாக்கிற நாள் வந்தால், சரிவு எங்க, கல் எப்படி, பவுசர் போற றோட்டு எது எண்ட கணக்கை மேசையில வைச்சுக் கதைக்கவேணும். அந்த மேசையில பரவைக்கடலில தொழில் செய்யிறவைக்கும் பவுசரில வேலை செய்யிறவைக்கும் கதிரை இருக்கவேணும்.