கடையில் கொடுக்காத கணினி

கணினியைப் பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன் நம்மில் பலர் செய்கிற முதல் வேலை படங்களை அழிப்பது. தவறான படம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. விடுதியில் நைட்டியோடு ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு நிற்கிற ஒரு படம் போதும். கடைக்காரர் அதைப் பார்ப்பார் என்ற நினைப்பே வயிற்றைப் பிசையும். ஆண்கள் கணினியை அப்படியே கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள்.

ஆனால், விண்டோஸே திறக்காத கணினியில் எதை அழிப்பது?

2019இல் எனக்கு அதுதான் நடந்தது. பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த மடிக்கணினி அது. நான்கு வண்ணச் சின்னம் வரும், மினுங்கும், அணையும், மறுபடி முதலிலிருந்து. உள்ளே எம்.ஃபில். ஆய்வுக்காக முக்கூடல், கடையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களிடம் எடுத்த ஒலிப்பதிவுகள் இருந்தன. மடியில் இருந்த தட்டைக் கீழே வைக்காமலேயே அவர்கள் பேசியவை. கூலி, கழித்துப்போடும் பீடி, கடன், புருஷன். "பேரு வெளிய வந்துராதுல்லா பிள்ள?" என்று ஒவ்வொருவரும் கேட்டிருந்தார்கள். வராது என்று சொல்லியிருந்தேன்.

"கடையில குடு. ஐநூறு ரூவாக்கு ஓ.எஸ். போட்டுத் தருவான்" என்றார் பெரியம்மா மகன். 2012இல் அந்தக் கணினியை முதன்முதலில் திறந்தவரும் அந்த அண்ணன்தான். விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. சி-டாக் உருவாக்கிய இயங்குதளம். "இது எதுக்கு, எடத்த அடைக்குது" என்று அன்று மதியமே அழித்துவிட்டார். அட்மின் கணக்கும் அவர் பெயரில். என் கணினியில் ஒரு மென்பொருளை நிறுவ நான் ஏழு வருடம் அவருக்குப் போன் போட வேண்டியிருந்தது.

இந்த முறை போடவில்லை. விடுதித் தோழியின் கணினியும் 8 ஜி.பி. பென்டிரைவும் கிடைத்தன.

இயங்குதளக் கோப்பைப் பென்டிரைவில் வெறுமனே நகலெடுத்துப் போட்டால் கணினி அதிலிருந்து கிளம்பாது. மின்சாரம் வந்ததும் கணினிக்கு விண்டோஸும் தெரியாது, லினக்ஸும் தெரியாது. தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் சிறு நிரல் மட்டும் விழித்து, அடுத்து யாரை எழுப்புவது என்று தேடும். பழைய பயாஸ் என்றால் வட்டின் முதல் 512 பைட்டைப் பார்க்கும், யூ.இ.எஃப்.ஐ. என்றால் அதற்கென்று குறித்த கோப்புறையைப் பார்க்கும். தேடுகிற இடத்தில் தேடுவது கிடைக்கும்படி ஐ.எஸ்.ஓ. கோப்பை எழுதித் தருவதுதான் ரூஃபஸ் போன்ற மென்பொருளின் வேலை. பென்டிரைவில் ஏற்கெனவே உள்ளதெல்லாம் அழியும் என்று எச்சரித்துவிட்டுத்தான் எழுதும்.

லினக்ஸ் மின்ட் 19.1, சுமார் 2 ஜி.பி. விடுதி வைஃபையில் ஒரு ராத்திரி ஆனது. பழுதில்லாமல் இறங்கியதா என்று பார்க்க 64 எழுத்தில் ஓர் அடையாளம் தருகிறார்கள். ரேஷன் கடையில் அட்டை எண் படிப்பதுபோலத் தோழி படிக்க, நான் சரிபார்த்தேன். அந்தப் பதிப்பின் பெயர் டெஸ்ஸா. மின்ட் பதிப்புகளுக்கெல்லாம் பெண் பெயர்தான். 2006இல் வந்த முதலாவது அடா. அதன் மூதாதையான டெபியனின் பெயரிலும் இயன் மர்டாக்கின் அன்றைய காதலி டெப்ரா பாதி இருக்கிறார். நதிக்கும் புயலுக்கும் நம் பெயரை வைத்தவர்கள் இதை மட்டும் விடுவார்களா என்றாள் தோழி.

பென்டிரைவைச் செருகி, கணினியை இயக்கியதும் ஒரு பொத்தானைத் தட்ட வேண்டும். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. இந்தப் பொத்தானைத் தெரிந்து வைத்திருந்ததற்காகவே எங்கள் தெருவில் ஒருவருக்கு இன்ஜினியர் என்று பெயர்.

மின்ட் திறந்தது. எதையும் நிறுவாமல், வட்டைத் தொடாமல், நினைவகத்திலேயே ஓடியது. பழைய கோப்புறைகளுக்குள் போனேன். பதிவுகள் அத்தனையும் இருந்தன. வெளிவட்டில் நகலெடுத்து, ஒன்றிரண்டைக் கேட்டும் பார்த்தேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. விண்டோஸ் கடவுச்சொல்லை அது கேட்கவே இல்லை. எனக்கு இப்படித் திறக்கும் என்றால் கடைக்காரருக்கும் திறக்கும். அந்தக் கடவுச்சொல் வாசலில் தொங்கும் திரைச்சீலைதான். பூட்டு வேண்டுமென்றால் வட்டையே மறையாக்கம் செய்ய வேண்டும். நிறுவும்போது அதற்கான கட்டத்தில் டிக் போட்டேன். பிறகு வரிசையாகக் கேட்டது: உங்கள் பெயர், கணினியின் பெயர், கடவுச்சொல். கணினிக்குக் கடையம் என்று பெயர் வைத்தேன்.

பொங்கலுக்கு வந்த அண்ணன் திறந்து பார்த்துவிட்டு, "அட்மின் பாஸ்வேர்டு என்ன?" என்றார்.

"எதுக்குண்ணே?"

அவரிடம் பதில் இல்லை. கரும்பு தின்னப் போய்விட்டார்.

இப்போது என் மாணவிகளுக்கு இதைச் சொல்லித் தருகிறேன். நிறுவுவதைவிட, நிறுவாமல் ஓட்டுவதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். வீட்டில் கணினியைக் கண்காணிக்கும் அப்பாவோ கணவரோ இருப்பவர்கள். பென்டிரைவிலிருந்து இயக்கினால் விண்டோஸில் நிறுவிய உளவு நிரல் ஓடாது. டெயில்ஸ் என்று ஒன்று இதற்கென்றே உண்டு. நாமாகச் சேமிக்கச் சொன்னால் ஒழிய, அணைத்ததும் மறந்துவிடும். தோளுக்குப் பின்னால் வந்து நிற்பவரை அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பென்டிரைவை எங்கே வைப்பது என்று ஒருத்தி கேட்டாள். நான் யோசிப்பதற்குள் பின்பெஞ்சிலிருந்து பதில் வந்தது: நாப்கின் பாக்கெட்டுக்குள். அங்கே மட்டும் வீட்டில் யாரும் கைவைக்க மாட்டார்களாம்.