நான்கு நட்டும் ஒரு வெண்கட்டியும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கார்ப் பைத்தியம் பிடித்த ஒரு தம்பியோ மகனோ இருந்தால் கடைசி வரை வாசியுங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரு பழைய ஹொண்டா சிவிக் ஈகே. மாதம் ஒருமுறை மாவனெல்லையிலிருந்து கண்டிக்கு உம்மாவை கிளினிக் கூட்டிப் போவது அதில்தான். தம்பிக்கோ அது போட்டிக் கார். வெறும் மைதானத்தில் கூம்புகளை நட்டு, ஒரு நேரத்தில் ஒரு கார் மட்டும் வளைந்து நெளிந்து ஓட, நேரம் எடுப்பார்கள். வெளிநாட்டில் ஓட்டோகுரொஸ் என்பார்கள். இங்கே ஜிம்கானா என்று நடப்பதும் ஏறக்குறைய அதுதான்.

அவன் அதைப் பற்றிப் பேச வந்தபோதெல்லாம் நான் சொன்னது ஒன்றுதான்: "சல்லியக் கரியாக்காத." 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவ பொக்ஸ் ஹில் போட்டியில் கார் பாதையை விட்டு விலகி 7 பேர் இறந்த பிறகு, உம்மா அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்க விடவில்லை. அதனால் அவன் எங்களிடம் கேட்பதை நிறுத்திவிட்டான். செய்வதை நிறுத்தவில்லை.

ஒருநாள் கிளினிக் முடிந்து கடுகண்ணாவ இறக்கத்தில் வரும்போது, முன் இடது பக்கம் "டக் டக்" என்று ஒரு சத்தம். ஓரம் கட்டிப் பார்த்தேன். முந்தின கிழமை தம்பி போட்ட செகண்ட் ஹேண்ட் அலோய் ரிம். நான்கு நட்டில் இரண்டு விரலால் திருப்பவே சுழன்றன. பின் சீட்டிலிருந்து உம்மா, "என்ன மகன்?" என்றார். "ஒன்றுமில்ல உம்மா, டயர்" என்றேன். கை நடுங்கியது. நட்டுகளை இறுக்கி, மெதுவாக ஓட்டி வீடு வந்து சேர்ந்தேன். அல்ஹம்துலில்லாஹ்.

அன்றிரவு ஏசத்தான் போனேன். அவன் கராஜில் நட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நானா, 4 துளை, 100 மில்லிமீற்றர். எல்லாம் சரியா பொருந்திச்சே" என்றான். முகத்தைப் பார்த்ததும் ஏச வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் கணித ஆசிரியர். அளப்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அளந்தபோது தெரிந்தவை இவை. ஹொண்டாவின் சொந்த நட்டின் அடி உருண்டை. வெளியில் வாங்கும் ரிம்மின் துளையோ பெரும்பாலும் கூம்பு வடிவம். இரண்டும் ஒரு மெல்லிய கோட்டில்தான் தொடும். இறுகியது போல இருக்கும், ஓட ஓடத் தளரும். அடுத்தது, காரின் நடுக்குடம் 56.1 மில்லிமீற்றர், ரிம்மின் நடுத்துளை 73.1. இடைவெளிக்கு வளையம் போடவில்லை.

பிறகு ஓப்செட். பழைய ரிம் 14 அங்குலம், அகலம் 5.5, ஓப்செட் 45. புதியது 15 அங்குலம், அகலம் 7, ஓப்செட் 25. அகலம் கூடியதில் பாதி 19, ஓப்செட் குறைந்ததில் 20. ஆக ரிம்மின் விளிம்பு 39 மில்லிமீற்றர் வெளியே தள்ளி நின்றது. வளைவில் டயர் மட்கார்டில் உரசியது அதனால்தான். தரம் 6 பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு.

அந்த ரிம்களை விற்றோம். 15 அங்குலம், அகலம் 6.5, ஓப்செட் 40 கொண்டதை வாங்கினோம். இது வெளியே 18 மில்லிமீற்றர்தான் வரும். கூம்பு அடி நட்டும் வளையமும் சேர்த்து வாங்கினோம். டயர் 195/50. பழைய 185/60 டயரின் உயரத்தோடு 2 மில்லிமீற்றர்தான் வித்தியாசம், அதனால் மீற்றர் காட்டும் வேகமும் மாறாது.

அடுத்து ஸ்பிரிங்கை வெட்ட வேண்டும் என்றான். கார் தாழ்ந்தால் வளைவில் குறைவாகச் சாயும் என்பது உண்மைதான். ஆனால் வெட்டினால் சொக் அப்சோபர் அசைய இடம் போதாது. சின்னக் குழியிலேயே அடியில் முட்டும், முட்டும் கணத்தில் டயர் பிடியை விடும். மைதானத்திலும் அப்படித்தான், உம்மா போகும் பாதையிலும் அப்படித்தான். அதனால் ஸ்பிரிங்கை விட்டுவிட்டு, தேய்ந்த சொக்கையும் புஷ்களையும் மாற்றி எலைன்மென்ட் பார்த்தோம்.

மிச்சத்தைச் செய்தது என் சட்டைப் பையில் கிடந்த வெண்கட்டி. டயரின் ஓரத்திலிருந்து பக்கச் சுவர் வரை கோடு போட்டு ஒரு சுற்று ஓட விட்டோம். கோடு பக்கச் சுவர் வரை அழிந்தால் காற்று போதாது, டயர் மடங்குகிறது. ஓரத்திலேயே கோடு மிஞ்சினால் காற்று அதிகம். 2 பீஎஸ்ஐ கூட்டிக் குறைத்துத் திரும்ப ஓட்டம். செலவில்லாத திருத்தம் இதுதான்.

போட்டி நாளில் அவன் நடுவில் எங்கோ வந்தான். ஓடும் முன் தானே குனிந்து நட்டுகளை டோர்க் ரென்ஞ்சால் 108 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினான். எனக்கு அது போதும்.

அவன் முதலில் வந்து கேட்டது என்னிடம். நான் விரட்டியதால்தான் தெரியாதவர்களிடம் போனான். வேண்டாம் என்று சொல்வதற்கு முன், என்ன செய்யப் போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உம்மா அந்த வளைவில் இருந்திருக்க மாட்டார்.

இப்போது கண்டிக்குப் புறப்படும்போதெல்லாம் உம்மா கேட்கிறார்: "நட்டெல்லாம் பாத்தீங்களா, மகன்?"

உங்கள் வீட்டில் புது ரிம் போட்டிருந்தால், இன்றைக்கே நட்டின் அடியைக் கழற்றிப் பாருங்கள். துஆவில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.