முட்டாள் வேலை

மேசனுக்குச் சாந்து குழைத்து, கல்லெடுத்துக் கொடுத்து, சாரத்தின் கீழே நிற்கும் உதவியாளை யாழ்ப்பாணத்தில் ‘முட்டாள்’ என்பார்கள். முட்டுக் கொடுக்கும் ஆள் என்று அச்சொல்லைப் பிரித்துப் பொருள் கொள்ளலாம். அறிவிலியைக் குறிப்பதும் அதே சொல்தான். இதைத் தற்செயல் என்று இலக்கணகாரர் ஒதுக்கிவிடக்கூடும். ஆனால், கல் சுமப்பவனுக்கு அறிவு வேண்டியதில்லை என்று தலைமுறை தலைமுறையாக நம்பிவந்த நம் சமுதாயத்தில், இவ்விரு பொருளும் ஒரே சொல்லிற் குடியிருப்பது எவரையும் உறுத்தவில்லையே!

2017 ஆம் ஆண்டில் தொடங்கிய பதின்மூன்று வருடக் கல்வித் திட்டத்தின்கீழ், க.பொ.த. சாதாரண தரத்திற் சித்தியெய்தாத பிள்ளைகளும் உயர்தரத் தொழிற்பிரிவிற் சேர்ந்து படிக்கலாம். அப்பிரிவில் தாய்மொழி கற்பிப்பது என் கடமை. கட்டடத் தொழில் பயில வந்தவர்களுள் ஏழெட்டுப் பேர் தகப்பனோடோ மாமனோடோ வேலைக்குப் போய்ப் பழகியவர்கள். ஏனையோர் சாந்துக் கரண்டியைத் தொட்டறியாதவர்கள்; கொப்பியை மட்டும் அழகாக எழுதுவார்கள். முதல் வாரத்தில் ஒருவன் எழுந்து, “சேர், நான் ரண்டு வருசமா முட்டாள் வேலைக்குப் போறனான்” என்றான். வகுப்புச் சிரித்தது. அச்சிரிப்பில் வெறும் விளையாட்டுத்தனம் மட்டும் இருந்ததென்று சொல்ல என்னால் இயலாது. யார் பிள்ளை கல் சுமக்கலாம், யார் பிள்ளை சுமக்கலாகாது என்ற பழைய கணக்கும் அதில் இருந்தது.

கட்டடத்துக்கு மணல் தெரிவுசெய்யும் முறையை எழுதும்படி ஒருநாள் சொன்னேன். கொப்பிக்காரர் ஒரு பக்கம் எழுதினர். அவனோ நான்கு வரிகளோடு நிறுத்திவிட்டான். வாயாற் சொல்லச் சொன்னபோது, “கொஞ்சம் வாயிலை போட்டுப் பாப்பம், சேர். உப்புக் கரிச்சால் மேசன் வேண்டாமெண்டு சொல்லிப்போடுவார்” என்றான். ஏன் வேண்டாம் என்பது அவனுக்குத் தெரியவில்லை. விஞ்ஞானத்திற் சித்தியெய்திய மாணவியொருத்தி காரணம் சொன்னாள்: உப்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும், துரு பருத்துக் கொங்கிறீற்றை வெடிக்கவைக்கும். “ஓமோம், கடற்கரை வீடுகளிலை தூண் வெடிச்சுக் கம்பி தெரியிறதைக் கண்டிருக்கிறன்” என்றான் அவன். இருவரும் சேர்ந்து எழுதிய பந்தி, அவ்வகுப்பில் நான் வாசித்தவற்றுள் மிகச் சிறந்தது.

அனுபவமே ஆசான் என்று கொண்டாடிவிடவும் முடியாது. கொங்கிறீற்றுக் கலவைக்கு நீரை அளந்து விடவேண்டும் என்று தொழிற்பாட ஆசிரியர் சொன்னபோது வாதாடியவர்கள் வேலைக்குப் போய்ப் பழகியவர்களே. கையறியாதவர்கள் மறுபேச்சின்றி அளந்தார்கள். நீர் கூடினால் கலவை இளகும், வேலை விரைவாக முடியும், ஆனால் இறுகியபின் பலம் குறையும். கொந்தராத்துக்காரர் வேலையை அவசரப்படுத்தும் இடத்தில், வாளியாற் கண்மட்டத்துக்கு நீர் ஊற்றுவதே அவர்கள் கண்ட வழக்கம். இதை அறியாமை என்று நான் கருதவில்லை. அவசரக் கூலி உழைப்பு அவர்களுக்குப் படிப்பித்த பாடம் அது. அந்த ஆசிரியர் அவர்களைக் கண்டிக்கவில்லை. இருவகையிலும் கட்டிகள் வார்க்கச் செய்து, நாட்கள் கழித்து உடைத்துக் காட்டினார்.

1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் பாடசாலைகளிலே தொழில் முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியது. 1977 ஆம் ஆண்டின் ஆட்சிமாற்றத்தோடு அவை கைவிடப்பட்டன. ஏழையின் பிள்ளையைக் குலத்தொழிலிலேயே கட்டிப்போடும் சூழ்ச்சியோ என்ற ஐயம் எழக்கூடியதே. சாதியால் தொழில் பிரித்த மண்ணில் அந்த ஐயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. வேலை தெரிந்த பிள்ளையைக் கொண்டு பாடசாலை மதிலைப் பூசுவித்துவிட்டு, அதையே செயன்முறைப் பயிற்சி என்று எழுதிவைத்தால் ஐயம் உறுதியாகும்.

அவன் இப்போது வாரத்தில் மூன்று நாட்களே வருகிறான். மற்றைய நாட்களில் கூலி. தேசிய தொழிற்றகைமை முறையில், முன்பே கற்றதை மதிப்பிட்டு ஏற்றுக்கொள்ள வழியுண்டு. பாடசாலை வரவு இடாப்பிலோ வந்தவன், வராதவன் என்ற இரண்டே குறிகள். வராத நாட்களிற் செய்த வேலையை ஒரு கொப்பியில் எழுதிவரும்படி தொழிற்பாட ஆசிரியரும் நானும் கேட்டோம். எழுதுகிறான். சென்ற செவ்வாய்க்கிழமைக் குறிப்பு இது: “தண்ணி கூடிப்போச்செண்டு சொன்னன். மேசன் ஏசினார். பிறகு அரை வாளி குறைச்சார்.” அந்தக் கொப்பியை வரவுக்கு ஈடாக ஏற்கும்படி கேட்டு அதிபரிடம் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.